சிவப்புச் சாவியை எடுக்கும் இடத்தில்

மெக்கானிக் பெட்டியைத் திறந்து சிவப்புச் சாவியை எடுத்தாள். அண்ணன் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினான். நான் பழைய பிழைதிருத்தத் தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்து ஒரு துண்டை அவனிடம் கொடுத்தேன். ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினோம். அவன் எழுதும்போது நான் எட்டிப் பார்ப்பேன் என்று இடது கையால் மறைத்துக்கொண்டான். நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு இந்தப் பழக்கம் போகவே இல்லை. துண்டுகளை மடித்து, டிவிக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி.

அப்போது கதவு தட்டப்பட்டது. அண்ணி நின்றிருந்தாள். உள்ளே வராமல், செருப்பைக் கழற்றாமல், அண்ணனின் நெற்றியைப் பார்த்தாள்.

"போகலாம்," என்றாள்.

"பதினொரு நிமிஷம்தான் இருக்கு. முடிச்சிட்டு வந்துடறேனே."

"உடம்பு கொதிக்குது. கிளம்புங்க."

அவன் என்னைப் பார்த்தான். அவனுடைய தோள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்ததை நானும் கவனித்தேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். "போ அண்ணா, அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம். லிஃப்ட்காரர் எங்கேயும் ஓடிட மாட்டார்," என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான். "நான் இல்லாம பார்த்துடாத டீச்சர்."

"நான் பார்க்க மாட்டேன். உன்னைத்தான் நம்ப முடியாது."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனையோ முறை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தொடரின் பெயர் 'நடுமாடி'. வேறொரு மொழியில் எடுத்துத் தமிழில் டப் செய்தது. ஐந்து பருவம், பருவத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் அறுபது பகுதி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு பெண்தான் நாயகி. இறந்தவர்களில் சிலர் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்ட் நின்றுபோவது அதனால்தான். அவர்கள் எந்த மாடியில் இறங்க வேண்டும் என்று கண்டுபிடித்து இறக்கிவிடுவது அவள் வேலை. ஒவ்வொரு பகுதியிலும் கடைசிக்குச் சற்று முன்னால் பெட்டியைத் திறந்து சிவப்புச் சாவியை எடுப்பாள். அதை எடுத்துவிட்டால் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்று நாங்கள் பாதியில் நிறுத்திய நாற்பத்து மூன்றாவதில் மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பழைய லிஃப்ட்காரர்.

இறந்தவர்கள் அத்தனை பேருக்கும் டப்பிங்கில் ஒரே ஆள்தான் குரல் கொடுத்திருந்தார். கிழவனுக்கும் அவர், குழந்தைக்கும் அவர், இருபத்தாறாவது பகுதியில் வரும் நாய்க்கும் அவர். "ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சாவான், சம்பளத்தை ஏத்திக் குடுங்கய்யா," என்பான் அண்ணன்.

எங்கள் விதிகள் மூன்று. வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு பிற்பகல், என் வீட்டில். சிவப்புச் சாவி வெளியே வந்ததும் படத்தை நிறுத்தி, முடிவை ஆளுக்கொரு துண்டில் எழுத வேண்டும்; தப்பாக எழுதியவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும், இருவரும் தப்பென்றால் இருவரும். மூன்றாவது, பிடித்த பகுதிகளின் பட்டியலை அறுபதும் முடிந்த பிறகு சேர்ந்து உட்கார்ந்துதான் போட வேண்டும். இந்த மூன்றாவது விதி வந்தது சண்டையினால். பதினேழாவது பகுதிதான் ஆகச் சிறந்தது என்று அவனும், ஒன்பதாவதுதான் என்று நானும் ஒரு ஞாயிறு முழுக்கக் கத்தினோம். ஒன்பதாவதில், நான்காம் எண்ணை மட்டுமே அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண் வருவாள். அந்தக் கட்டடத்தில் மூன்று மாடிதான். பதினேழாவதில் பேயே கிடையாது. மின்சாரம் போய் மெக்கானிக்கும் ஒரு பேப்பர் போடுகிறவரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள், இவள் அவரைப் பேயென்றும் அவர் இவளைப் பேயென்றும் சந்தேகப்பட்டு, ஒருவரை ஒருவர் நைசாகக் கீழே இறக்கிவிடப் பார்ப்பார்கள். அன்று அவன் துண்டில் "ரெண்டும் உயிரோடதான் இருக்குதுங்க" என்று எழுதி ஜெயித்தான்.

தொடக்கத்தில் அவன்தான் ஜெயிப்பான். முதல் முப்பது பகுதிகளில் அவன் இருபத்தொன்று. கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவன் அவன், எதையும் விளிம்பிலிருந்து பார்க்கத் தெரியும். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மருந்துப் பெட்டிகளுக்குள் நாலாக எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதைப் படிக்கிற ஆள் நான். ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஆளைக் கொன்றுவிடும் என்று எங்கள் மேற்பார்வையாளர் தினமும் சொல்வார். அதனால் நான் எழுத்து எழுத்தாகத்தான் பார்ப்பேன். அதற்காகத்தான் அண்ணன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது.

முப்பத்தொன்றிலிருந்து நிலைமை மாறியது. அவன் வரிசையாகத் தோற்றான். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. என் சிங்க்கின் முன்னால் நின்று தட்டைத் தேய்த்துக்கொண்டே, "தலை வேலை செய்ய மாட்டேங்குது டீச்சர். வயசாயிடுச்சு," என்பான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வாரம் அவன் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. நான் ஒன்பது முறை சரியாக எழுதினேன். அச்சகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அந்தத் தொடரை எழுதியவர்களின் மூளைக்குள்ளேயே நான் போய்விட்டேன் என்று, எனக்கு எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கும் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவர், "அப்படியே அவங்க சம்பளத்தையும் கேட்டு வாங்கிட்டு வா," என்றார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த அக்கா படிக்க நான் தாளில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது.

வராந்தாவில் நின்ற பணி மருத்துவர் சின்ன வயதுக்காரர். நான் தங்கை என்றதும் எனக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டார். ஏழு மாதமாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்த உடம்பு, எதிர்ப்புச் சக்தி அறவே இல்லை, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். இவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம் என்றார். நான் தலையாட்டினேன். எந்த ஏழு மாதம் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அன்றைக்கு அழுவதற்கு முன்னால் எனக்கு வந்தது வேறொன்று. அவனுடைய நகங்கள் கருத்திருந்தன. பாலிஷ் பவுடர் என்றான். தலையை ஒட்ட வெட்டித் தொப்பி போட்டிருந்தான். சலூன்காரர் சொதப்பிவிட்டார் என்றான். என் சமையலில் எது வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்றான். என் கைப்பக்குவத்தைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். நகங்களில் நிறமாற்றம், முடி உதிர்தல், நாவில் உலோகச் சுவை. இந்த மூன்று வரியையும், அதே வரிசையில், பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழ் நான் இருநூறு முறையாவது திருத்தியிருப்பேன். ஒரு காற்புள்ளி விடுபட்டால் கண்டுபிடிப்பேன். அந்த வரிகள் என் சோபாவில் ஏழு மாதம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன.

ஆனாலும் அது நோய். நோயை மறைப்பவர்கள் உலகத்தில் உண்டு. அதை நான் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் அண்ணி ஒரு பையைக் கொடுத்தனுப்பினாள். மருத்துவமனையிலிருந்து எடுத்துவந்த சாமான்கள், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். சார்ஜர், தொப்பி, ஒரு துண்டு, அவனுடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. கடையின் லென்ஸ் ஆர்டர் படிவம் ஒன்று மடித்து இருந்தது. பின்பக்கம் அவன் கையெழுத்து.

'எனக்குப் பிடித்தவை. பத்து.'

மூன்றாவது விதியை மீறியிருக்கிறான் என்று பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. திருட்டுப்பயல், பொறுக்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலிடம் பதினேழு. எனக்குத் தெரியும். இரண்டாவது ஒன்பது, பக்கத்தில், 'டீச்சருக்காக. இல்லாவிட்டால் பேச மாட்டாள்'. மூன்றாவது நாய். அவன் குரல் அப்படியே காதில் விழுந்தது. ஐந்து வாரத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

நான்காவது, ஐம்பத்தொன்று.

பென்சிலை எடுத்து அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கை அதுவாகச் செய்தது. பதினைந்து என்பதைத்தான் இலக்கம் மாற்றி எழுதிவிட்டான் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. ஆனால் பக்கத்தில், 'மெக்கானிக்கின் அம்மா வருகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாள்' என்று எழுதியிருந்தது. பதினைந்தில் எந்த அம்மாவும் இல்லை. நாங்கள் பார்த்த எதிலும் அவளுக்கு அம்மா இல்லை. ஐந்தாவது ஐம்பத்தெட்டு. ஆறாவது அறுபது. 'கடைசி. எல்லாரும் திட்டுவார்கள். எனக்குப் பிடித்தது' என்று இருந்தது. பென்சில் வட்டத்தை நான் அழிக்கவில்லை. அழித்து என்ன ஆகப்போகிறது.

ஏழாவது நாற்பத்து மூன்று. அதற்கு மட்டும் நான்கு வரி எழுதியிருந்தான்.

'லிஃப்ட்காரர் எந்த மாடியிலும் இறங்குவதில்லை. மெக்கானிக் சாவியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, உள்ளே போய் அவர் ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்காருகிறாள். கடைசிவரை ஒரு பேச்சும் இல்லை. டீச்சர் இதைப் பார்க்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.'

தாளின் அடியில் தேதி போட்டிருந்தான். நாங்கள் முப்பத்தெட்டாவது பகுதி பார்த்த வாரம் அது. அந்த வாரமும் தோற்று, பாத்திரம் கழுவினான்.

அப்போதுதான் பன்னிரண்டு ஞாயிறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அவன் தோற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, முடிவு தெரிந்துகொண்டே, கையால் மறைத்துக்கொண்டு தப்பாக எழுதியிருக்கிறான். நான் குதித்தபோது கைதட்டியிருக்கிறான். குழந்தையோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்கள் கடைசியில் வேண்டுமென்றே கால் இடறுவார்களே, அந்த மாதிரி. நான் குழந்தை இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது.

மறுநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணிதான் முன்னால் நின்று ஃபிரேம் விற்பவள். பின்னறையில் அவனுடைய தேய்க்கும் இயந்திரத்தின்மேல் போர்வை போர்த்தியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைக் கவுண்டர்மேல் விரித்து வைத்தேன்.

அண்ணி பார்த்தாள். "இது அதுலயா இருந்துச்சு," என்றாள்.

"யாரோட பார்த்தான்?"

"என்னோட."

வாடிக்கையாளர் திரும்பி, "இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். அண்ணி நிமிர்ந்து பார்த்து, "முகம் இன்னும் நீளமாத் தெரியுது சார், வட்டமா ஒண்ணு பாருங்க," என்றாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தக் குரலில்தானே ஏழு மாதம் என்னிடமும் பேசினாள் என்று நினைத்தேன்.

பிறகு அவள் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற நாலு மணி நேரம் ஆகும். கையை அசைக்கக் கூடாது. போனை இவள் பிடித்துக்கொள்வாள். முதலில் பழைய பகுதிகளைத்தான் போடச் சொன்னான், என்னோடு பார்த்ததையே. ஒரு நாள் முப்பது முடிந்து முப்பத்தொன்று தானாக ஓட ஆரம்பித்தது. இவள் நிறுத்தப் போனாள், அவன் வேண்டாமென்று தலையசைத்தான். அன்றைக்குக் காலையில்தான் டாக்டர் அவனிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருந்தார்.

"கணக்குப் போட்டாரு," என்றாள் அண்ணி. "வாரத்துக்கு ஒண்ணுன்னா இன்னும் முப்பது வாரம். அவ்வளவு நாள் இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. தினம் ஒண்ணு பார்த்திருப்போம். ரெண்டு பார்த்திருப்போம். வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருப்பேன்."

"அதுதான் வேணாம்னாரு. நீ அழுதுகிட்டே பார்ப்ப, அது வேணாம், ஒரு இடத்துலயாவது எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கணும்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு எங்கிட்ட."

"உங்களுக்கு அது பேய்க்கதை. பிடிக்கவே பிடிக்காது. எனக்கு..."

"பிடிக்காதுன்னு யார் சொன்னா?" அண்ணி முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தாள். "பத்து மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா அவரு உன் வீட்டுக்கு வந்துடுவாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அண்ணி நீங்களும் வாங்கன்னு நீ கூப்பிட்டிருக்கியா?"

வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்ற வாடிக்கையாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மெதுவாக அதைக் கழற்றித் தட்டில் வைத்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூப்பிட்டதில்லைதான். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவள் அவனோடு முழுவதையும் பார்த்தாள், நோயை, முடிவை, அறுபதாவதை. எனக்குக் கொடுத்தது வாரத்துக்கு ஒரு பிற்பகல், அதுவும் நடிப்பு. தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவருகில் போனபோது, "மிச்சத்தைப் பார்க்கணும்னா சொல்லு. நான் வந்து உக்காரறேன்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

பேருந்தில் வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் விட்டால் நானும் அவனைப் போலத்தான். முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, ஒரு ஞாயிறு, பகுதி முடிந்து பாத்திரமும் கழுவி முடித்த பிறகு அவன் கிளம்பாமல் சோபாவில் வந்து உட்கார்ந்தான். "இன்னைக்கு இன்னொண்ணு போடலாமா?" என்று கேட்டான். நான் கையை ஆட்டி, "விதின்னா விதிதான்," என்றேன். அவன் இன்னொரு முறை கேட்டான். "ஒண்ணே ஒண்ணு டீச்சர்." துணி மடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அவனை எழுப்பி அனுப்பினேன். அவன் அன்றைக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தானோ, சும்மாதான் கேட்டானோ. இதைக் கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த நினைவு வந்ததால் என் கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து டம்ளரைக் கவிழ்த்தேன். இரண்டு துண்டும் ஐந்து வாரத் தூசியோடு விழுந்தன. என்னுடையதில், 'ஏழாம் மாடி, அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மாடி' என்று இருந்தது. தப்பு. அவனுடையதைப் பிரித்தேன். நாளை இந்நேரம் படுக்கையில் கிடக்கப்போகிறோம் என்று தெரிந்தோ தெரியாமலோ, நெருப்பாகக் கொதிக்கும் உடம்போடு, என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதியது. அன்றைக்காவது உண்மையை எழுதியிருப்பான் என்று நினைத்தேன். அவ்வளவு நேரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன் என்று பிரிக்கும்போதுதான் தெரிந்தது.

'இரண்டாம் மாடி. கண்டிப்பாக.'

அந்தக் 'கண்டிப்பாக'வை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமான பொய். எழுத்துப்பிழைகூட இல்லை.

இது நடந்து இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. கடையை அண்ணி வேறோர் ஆளை வைத்து நடத்துகிறாள். நான் கண்ணாடி மாற்றப் போனேன், ஃபிரேம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், வட்டமானது. நாங்கள் பேசிக்கொள்கிறோம். மெக்கானிக்கின் அம்மா வரும் பகுதியைப் பற்றி அவள் ஒரு நாள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் கேட்கவில்லை. பட்டியல் கண்ணாடிக் கூட்டிலேயே இருக்கிறது, பென்சில் வட்டத்தோடு.

டிவியை நான் வேறு எதற்காவது போடும்போதெல்லாம், முதல் திரையில் ஓரமாக அந்தப் படம் வருகிறது: சிவப்புச் சாவியைப் பிடித்த கை, அடியில் பார்த்த அளவைக் காட்டும் மெல்லிய கோடு. நாற்பத்து மூன்றாவது பகுதியில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சமிருக்கிறது.